ஐயாவின் முகம் பெட்டிக்குள் வந்த விதம்

சிவமயம்

திருகோணமலை,
08.02.1976

அன்புள்ள தங்கச்சி இராசமலருக்கு,

நாங்கள் இங்கே உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். எனக்கு வாய்த்த உன் மச்சாளுக்கு வாய் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. நீயும் மச்சான் யோகலிங்கமும் அந்தச் சாம்பியா தேசத்தில் தேகசுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

நீ கொடுத்துவிட்ட சாமான் வந்து சேர்ந்தது. லீவில் வந்த உங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் அதை இரண்டு பெனியனுக்குள் சுற்றி, கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்து தந்தார். கறுத்தப் பெட்டி, முன்னால் ஒரு கண், மேலே ஒரு கைபிடி. உன் மச்சாள் பார்த்துவிட்டு, அயன் பெட்டி எண்டால் எனக்கு உதவும், இது ஆருக்கு உதவும் என்று கேட்டாள். கமரா என்று விளக்கினேன். அது எனக்கும் தெரியும், உங்கட கையில அது ஆருக்கு உதவும் எண்டுதான் கேட்டனான் என்றாள். கூடவே நீ அனுப்பிய பிலிம் சுருள்களும் பத்திரம். இந்தக் காலத்தில் இங்கே பிலிம் வாங்குவதைவிடப் புலிப்பால் வாங்குவது சுகம்.

உன் கடிதத்தையும் வாசித்தேன். துறைமுகம், மூதூர் லோஞ்சுப் படகு, கிண்ணியாத் துறை, வெருகல் கோயில் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் ஒரு மூலையில், ஐயா தற்செயலாய் எங்கேயாவது நின்றால் அவரையும் என்று எழுதியிருக்கிறாய். தங்கச்சி, நான் ஐம்பதைத் தொடப்போகிறவன். துறைமுகக் களஞ்சியத்தில் கிளாக்கர் வேலை பார்த்துப் பார்த்து, ஒரு கடுதாசியில் எந்த வரி முக்கியமான வரி என்று தெரிந்துகொண்டவன். துறைமுகமும் லோஞ்சும் உனக்கு எதற்கு? நீ கேட்பது ஒரு முகம், பெற்ற தகப்பனின் முகம்.

அதற்குக் கீழே எழுதியதையும் விளங்கிக்கொண்டேன். ஆவணியில் உங்களுக்கு நீண்ட லீவு. ஐயாவின் வாய் எதையும் சொல்லும், முகத்துக்கு மறைக்கத் தெரியாது, அந்த முகத்தைப் பார்த்தால் வரலாமா வேண்டாமா என்று எனக்கு விளங்கிவிடும் என்கிறாய். படம் வராவிட்டால் லீவை அங்கேயே கழித்துவிட்டு, இன்னொரு வேலைத் தவணைக்குக் கையெழுத்து வைத்துவிடுவீர்கள். அதாவது, ஏழு வருசம் வராதவள் இனியும் வரமாட்டாய். இதையெல்லாம் என் வயிற்றில் வைத்துக் கட்டி அனுப்பியிருக்கிறாய். வயிற்றில் என்று சும்மா சொல்லவில்லை. அந்தப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக் குனிந்து, மேலே இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் பார்த்துத்தான் படம் எடுக்கவேண்டியிருக்கிறது. என் வண்டி வயிறு இத்தனை வருசமாக எதற்கு வளர்ந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.

முதல் சுருள் முடிந்தது. பெருந்தெருவில் பாயிஸ் என்று ஒருவன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான், அவனிடம் கழுவக் கொடுத்தேன். திருப்பித் தரும்போது அவன் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறவன் முகம் சிரிக்கிறவன் முகத்தைவிடக் கெட்டது. முதலாவது படம் துறைமுகம். உலகத்திலேயே பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைக் கோட்டை மேட்டில் நின்று முழுதாக எடுத்தேன். எல்லாம் விழுந்திருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கப்பல் எறும்பு போல இருக்கிறது. அதோடு கடல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. அண்ணை, தண்ணி முழுக்கக் கிண்ணியாப் பக்கம் ஊத்துப்படுது, ஒரு வாளி கொண்டுபோய் வையுங்கோ என்றான் பாயிஸ்.

இரண்டாவது உன் மச்சாள். முற்றத்தில் நிறுத்தி, சரியாக நடுவில் வரும்படி எடுத்தேன். அவள் தலைக்குப் பின்னால் தென்னை நின்றதை நான் கவனிக்கவில்லை. படத்தில் அவள் உச்சந்தலையில் இருந்து தென்னை முளைத்து, குலை தள்ளி நிற்கிறது. அவள் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, எடுத்தவற்ற தலைக்குள்ள இருக்கிறது என்ர தலைக்கு மேல வந்திருக்கு என்றாள்.

மூன்றாவதுதான் ஆபத்து. எங்கள் பெரிய கிளாக்கர் புதுச் சப்பாத்து வாங்கியிருந்தார். கால் தெரிய எடுக்கவேணும், சிவகுருநாதன், கால் தெரியாத படம் படமில்லை என்று சொன்னார். நான் காலைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். சப்பாத்து மிக வடிவாக வந்திருக்கிறது, கட்டியிருக்கும் நாடா முடிச்சுக்கூடத் தெரிகிறது. தலைதான் இல்லை. கழுத்துப்பட்டியோடு படம் முடிந்துவிட்டது. சனிக்கிழமை லீவு கேட்டிருந்தேன், அந்தக் கடுதாசி இன்னும் அவர் மேசையில் கிடக்கிறது.

மற்றவற்றைப் பற்றி எழுத வெட்கம். ஒன்றில் என் பெருவிரல். இரண்டில் என் நிழல், குடத்துக்குக் கால் முளைத்தது போல.

ஐயாவிடமும் போனேன். கிளிவெட்டியில் வயல் வெட்டுத் தொடங்கும் நேரம், வரம்பில் நின்றார். பெட்டியைக் கண்டதும் என்ன அது என்று கேட்டார். நான் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கிளாக்கர் புத்தி, உண்மையைச் சொல்லிவிட்டேன். கமரா, தங்கச்சி அனுப்பினது என்றேன். அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: நான் அந்தப் பெட்டிக்குள்ள போகமாட்டன். நான் பெட்டிக்குள்ள போற காலத்தில நாலு பேர் தூக்குவினம், நீ தனிய வந்து நிக்காதை.

நீ கச்சேரியில் பதிவுக் கலியாணத்துக்குக் கையெழுத்து வைத்த அன்று, அவர் வீட்டில் தான் உனக்குப் பேசி வைத்த கலியாணத்தின் பந்தலுக்குத் தென்னோலை பின்னிக்கொண்டிருந்தார் என்பதை நான் உனக்கு நினைவூட்டவில்லை. அவர் எனக்கு ஒருநாளும் நினைவூட்டுவதில்லை. அதுதான் சங்கடம். ஏசுகிற மனிசனைச் சமாளிக்கலாம்.

மனம் தளராதே. ஒரு சுருள்தான் போயிருக்கிறது. அங்கே பிள்ளைகளுக்குப் படம் எடுக்கப் பழக்கும் சங்கம் நடத்துகிறாயாம், வாத்தியார் சொன்னார். இந்தப் படங்களையும் சேர்த்து அனுப்புகிறேன். பார்த்து, பிழையைச் சொல்லு. சங்கத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் காட்டாதே.

அன்பு அண்ணன்,
சிவகுருநாதன்


சிவமயம்

திருகோணமலை,
21.03.1976

அன்புள்ள தங்கச்சி,

உன் கடிதம் கிடைத்தது. அதில் நலம் விசாரித்தது இரண்டு வரி, என்னைத் திருத்தியது நாலு பக்கம். உன்னைத் தோளில் வைத்துக் கொண்டுபோய் வெருகல் ஆற்றில் குளிப்பாட்டிய அண்ணனுக்கு நீ எழுதிய வார்த்தைகளை உன் மச்சாளுக்கு உரத்து வாசித்துக் காட்டினேன். அவள் இடையில் நிறுத்தி, அந்த இடத்தைத் திருப்பி வாசியுங்கோ என்று கேட்டுக் கேட்டு ரசித்தாள். எல்லாவற்றையும் படத்துக்குள் அடைக்கப் பார்க்கிறாய், அண்ணா, நீ படம் எடுக்கவில்லை, சாமான் கட்டுகிறாய் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடம்.

சரி. ஒத்துக்கொள்கிறேன். களஞ்சியத்து ஆள், ஒன்றும் விடுபடக்கூடாது என்பது எனக்குத் தொழில் வியாதி.

நீ சொன்னபடி பிலிம் போடாமல் பழகினேன். பின்னேரம் வேலையால் வந்து பெட்டியை வயிற்றோடு அணைத்து, குனிந்துகொண்டு வளவைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அந்தக் கண்ணாடிக்குள் இடம் வலமாகத் தெரிகிறதால் கோழியை விட்டு விலகுகிறேன் என்று கோழிமேலேயே நடந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, எனக்குக் குடல் நோவு என்று முடிவுகட்டி வேர்க்கொம்புச் சுக்கு அவித்த தண்ணீர் கொடுத்துவிட்டார்கள். குடித்தேன். நல்லாகத்தான் இருந்தது.

ஆனால் கேள், ஏதோ விளங்கத் தொடங்கிவிட்டது. முதலில் கடல்கோடு. கண்ணாடியின் ஓரத்தையும் கடலின் ஓரத்தையும் ஒன்றாகப் பிடித்துவிட்டு மூச்சை அடக்கினால் கடல் சரியாது. அடுத்தது, ஆளைப் பார்க்குமுன் ஆளுக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்ப்பது. குசினி வாசலில் உன் மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். தென்னையும் இல்லை, கம்பமும் இல்லை, பின்னால் புகை பிடித்த கறுத்தச் சுவர். நடுவில் வைக்காமல் கொஞ்சம் ஒதுக்கி வைத்தேன். அவள் நிமிரவில்லை, நானும் நிமிரச் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பாயிஸ் பெரிதாக்கித் தன் கடைக் கண்ணாடியில் வைக்கட்டோ என்று கேட்டான். உன் மச்சாள், துருவலையோட என்னைத் தெருவில இருத்தப் போறியளோ என்று கத்தினாள். ஆனால் அதே படத்தை மூன்று வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள் என்று எனக்குத் தகவல்.

பெரிய கிளாக்கருக்குத் தலையோடு ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை லீவு கிடைத்தது.

உடனே லோஞ்சு ஏறினேன். துறைமுகம் பெரிது, பெட்டி சின்னது என்று இப்போது தெரியுமே. ஆனபடியால் துறைமுகத்தை எடுக்கவில்லை. லோஞ்சுக்காரன் கயிற்றை வீசப் போகும் கையை ஒரு மூலையில் பிடித்தேன், அந்தக் கைக்கு அப்பால் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை. கப்பல் ஒன்றுகூட இல்லை. பார்த்தால் துறைமுகம் முழுக்க அதற்குள் கிடக்கிறது. எப்படி என்று என்னைக் கேட்காதே, நீதான் சங்கக்காரி.

லோஞ்சில் ஒரு கூத்தும் நடந்தது. வெருகலுக்கு நேர்த்திக்கடனுக்குப் போன ஒரு புருசன், பெண்சாதி, மாமியார் மூவரும் தங்களை எடுக்கச் சொன்னார்கள். நிறுத்திய பிறகு மாமியார் கத்தினா, ஐயோ தம்பி, மூண்டு பேர் நிண்டு படம் எடுத்தால் நடுவில நிக்கிற ஆளுக்கு ஆகாது. நடுவில் நின்றவ அவதான். நாலாவதாக ஒருவரும் வரவில்லை, எல்லாருக்கும் பிறத்தியாருடைய படத்தில் நிற்க வெட்கம். கடைசியில் நேர்த்திக்கடன் கிடாயை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஆட்டைக் கணக்கில் சேர்க்கலாமோ என்று லோஞ்சு மூதூர் சேரும்வரை வாதம். உயிருள்ளதெல்லாம் கணக்குத்தான் என்று ஒரு கட்சி, அது வேண்டுதல் ஆடு, அதை உயிரென்று கணக்கெடுக்கலாமோ என்று மற்றக் கட்சி. படம் அனுப்பியிருக்கிறேன். நாலு பேரிலும் ஆடுதான் நேராகப் பார்க்கிறது.

மூதூர்த் துறையில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் பக்கீர் காக்காவை உனக்குத் தெரியும், ஐயாவின் பழைய கூட்டாளி. அவர் தேத்தண்ணி ஆற்றுவதை எடுத்தேன். ஆளை ஒரு கரையில் வைத்து மற்றப் பக்கத்தை ஆவிக்கு விட்டுவிட்டேன். முந்தி என்றால் வெறுமையாகக் கிடக்கிறதே என்று அங்கே இன்னும் இரண்டு பேரைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பேன். வெருகல் ஆறும் கோயிலும் எடுத்தேன். கோபுரத்தைத் தூக்கி நிமிர்த்தவில்லை, ஆற்றில் விழுந்த அதன் நிழலை எடுத்தேன், ஒரு வள்ளம் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. கிண்ணியாத் துறையில் பஸ்ஸை ஏற்றிக் கடக்கும் பாதைத் தெப்பத்தில், கம்பியைப் பிடித்து இழுக்கிற நாலு கைகள். முகம் ஒன்றுமில்லை. வேண்டுமென்றுதான்.

இனி நீ தேடுகிற இடத்துக்கு வருகிறேன்.

கிளிவெட்டிக்குப் போனபோது ஐயா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். நான் முன்னால் போனால் திரும்பி நிற்பார், அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் திரும்புவார். சூரியகாந்திக்கு நேர் எதிர். கடைசியில் நான் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒதுங்கி, அவர் முதுகை எடுத்தேன். தோளில் சால்வை, குனிந்த முதுகு, அதற்கு மேலே காற்றில் பறக்கிற பதர். தங்கச்சி, நான் எடுத்ததில் அதுதான் திறமான படம். பாயிஸ்கூடப் பகிடி விடவில்லை.

நான் திருடினேன் என்று நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டு போனேன். சோறு போடும்போது, தமையனுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே இருக்கிற மாமி சொன்னா: நீ போருக்குப் பின்னால நிண்டு இரைக்கிறது குசினி வரைக்கும் கேட்டது, அந்த மனிசனுக்குக் கேக்கேல்லையே, ஏன் அசையாமல் நிண்டது எண்டு யோசிச்சுப் பார்.

யோசித்துப் பார்த்தேன். ஆகவே எனக்கு நம்பிக்கை இருக்கிறது. முதுகை இத்துடன் வைத்திருக்கிறேன். இதை வைத்து நீ ஒரு முடிவும் எடுக்காதே. டிக்கற்றையும் விட்டுவிடாதே. வருசப் பிறப்புக்கு நானும் உன் மச்சாளும் அங்கே போகிறோம்.

அன்பு அண்ணன்,
சிவகுருநாதன்


சிவமயம்

திருகோணமலை,
19.04.1976

அன்புள்ள தங்கச்சி மலருக்கும் மச்சான் யோகலிங்கத்துக்கும்,

இந்தமுறை இரண்டு பேர் பெயரும் போட்டு எழுதுகிறேன். காரணம் உள்ளே இருக்கிறது. மச்சானும் வாசிக்கட்டும்.

வருசப் பிறப்பு நல்லாய் நடந்தது. மருத்துநீர் வைத்து முழுகினோம். ஐயா எல்லாருக்கும் கைவிசேஷக் காசு தந்தார். பொங்கல் அடியில் கொஞ்சம் பிடித்துவிட்டது, மாமி அதை உன் மச்சாள் தலையில் கட்டினா, உன் மச்சாள் அடுப்பின் தலையில் கட்டினாள். பக்கீர் காக்கா பலகாரம் தின்ன மூதூரில் இருந்து வந்து, தின்றுவிட்டு, கட்டியும் எடுத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸில் போனார்.

போகுமுன் அவர்தான் நான் கேட்காமலே ஒரு உதவி செய்தார். நான் பாயிஸிடம் இன்னொரு பிரதி எடுத்த படங்களைக் கொண்டுபோயிருந்தேன். ஆவி பறக்கிற தன் படத்தைப் பார்த்துவிட்டு அவர் ஐயாவிடம் நீட்டினார். ஐயா வாங்கினார். பக்கீர், நீ இவ்வளவு கிழவனாய்ப் போனியோ என்றார். நான் கிழவனெண்டால் நீர் ஆர், உம்மட படத்தையும் பாரும் என்று சொல்லி, முதுகுப் படத்தை மேலே எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஐயா கதிரையில் இருந்து அதைப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார், எட்டப் பிடித்துப் பார்த்தார். இது ஆர் என்று கேட்டார். நீங்கள்தான் என்றேன். என்ர முதுகு இப்பிடிக் கூனிப்போச்சோ என்றார். தூற்றேக்க ஆர்தான் குனியாமல் தூற்றுறது என்று நான் சமாளித்தேன். படத்தை மடியில் வைத்துவிட்டு, இதை அனுப்பிட்டியோ என்றார். ஆருக்கு என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஓம், போன மாசமே போயிட்டுது என்றேன்.

எழும்பி உள்ளே போனார். கோபம் என்று நினைத்தோம். உன் மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் பொங்கல் மீண்டும் அடிப்பிடித்திருக்கும். திரும்பி வந்தார். புது வேட்டி, கரைபோட்ட சால்வை, நெற்றி நிறையத் திருநீறு. வாசல் நிலைக்குப் பக்கத்தில் போய் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நாற்பது வயதுக்காரன் நிற்கிறது போல. என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய், உன்ர பெட்டிக்கு நல்லநாள் பெருநாள் இல்லையோ என்றார்.

பெட்டியை எடுத்து வயிற்றோடு அணைத்தேன். பிலிமில் இருந்தது கடைசிப் படம். அதற்கு முந்தியவற்றைப் பலகாரத் தட்டிலும் மாட்டிலும் செலவழித்திருந்தேன், புத்தி. வெயில் என் முதுகில், நல்லது. பின்னால் வெள்ளைச் சுவர், நல்லது. கதவு நிலை தலையில் முளைக்கவில்லை. நான் குனிந்து பார்க்கிறேன், கண்ணாடிக்குள் ஐயாவுக்கு இந்தப் பக்கம் உன் மச்சாள் வந்து நிற்கிறாள். புதுச் சேலை கட்டினவளை விலகு என்று சொல்ல எனக்கு உயிர் மேலே ஆசை இல்லையா? அடுத்த பக்கம் மாமி. மாமிக்கு எந்த வரிசையிலும் இடம் வேண்டும், அது உனக்குத் தெரியும்.

அப்போதுதான் மாமி எண்ணினா. ஐயோ, மூண்டு பேர் என்றா. நடுவில் நின்றது ஐயா.

அண்ணை, நீர் விலத்தும், நல்லநாள் அதுவுமாய் வேண்டாம் என்று மாமி அவரை இழுக்கத் தொடங்கினா. உன் மச்சாள், பக்கீர் காக்கா இருந்திருந்தால் நாலு என்றாள். பஸ் போய்விட்டது. தெருவில் ஒரு குருவி இல்லை, எல்லாரும் அவரவர் வீட்டில் சாப்பாடு. நானே நாலாவதாய் நிற்கலாம், ஆனால் பெட்டியை யார் அமுக்குவது? மாமியிடம் அந்தப் பெட்டியைக் கொடுத்தால் அதற்குள் பாக்கு வைப்பா. எனக்கு அழுகை வராத குறை. ஏழு வருசத்துக்குப் பிறகு நிமிர்ந்து நின்ற மனிசன், மாமியின் எண்ணிக்கையால் உள்ளே போகப் போகிறார்.

உள்ளேதான் போனார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து முந்தி நின்ற இடத்திலேயே நின்றார். கையில் ஒரு படம். நீ நாலு வருசத்துக்கு முன் எனக்கு அனுப்பினது, அந்தப் பெரிய நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நீங்கள் இருவரும் ஒரு குடைக்குள் நிற்கிறது. அது எங்கள் வீட்டில் இருந்து காணாமல் போய், நான் உன் மச்சாளைச் சந்தேகப்பட்டு, அவள் என்னைச் சந்தேகப்பட்டு, ஒரு கிழமை பேசாமல் இருந்தோம். அதை எடுத்து ஒளித்த ஆள் அந்த நேரம் கண் வைத்தியத்துக்கு வந்து எங்கள் வீட்டில் நின்ற ஆள். இரண்டு பேருக்கும் நியாயம் சொல்லிச் சமாதானம் செய்து வைத்தவரும் அவர்தான்.

ஐயா சுவரைப் பார்த்துக்கொண்டு, ஆள் கணக்குக்குத்தான், வேற ஒண்டுமில்லை என்றார்.

மாமிக்கு அந்த இடத்தில் வாயை மூடத் தெரிந்திருந்தால் அவ மாமி இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணை, இதில ரெண்டு பேரெல்லோ நிக்கினம், அவனையும் சேர்க்கிறதோ, சேர்த்தால் அஞ்சு, விட்டால் நாலு என்றா. மச்சான், உங்களைப் பற்றித்தான் பேச்சு. அந்த வீட்டில் உங்களுக்கு இன்னும் பெயர் இல்லை, அவன் என்றுதான் சொல்வது. நான் குனிந்தபடியே இருந்தேன், நிமிரப் பயம்.

ஐயா சொன்னார்: அஞ்செண்டால் என்ன, மூண்டுதான் கூடாது.

அவ்வளவுதான். எதற்கும் பாதி ஒப்புதலை அவரிடம் வாங்க எனக்கு ஆறு மாதம் எடுக்கும், இது ஒரு மூச்சில் வந்தது.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். நான் நின்ற இடத்தில் இருந்து எல்லாரும் கால்வரைக்கும் விழுவார்கள். மாமியும் உன் மச்சாளும் நம்பி நின்ற படம் அது. ஆனால் அந்தத் தூரத்தில் ஐயாவின் முகம் ஒரு புளியங்கொட்டை. நீ கேட்டது புளியங்கொட்டை இல்லை. பெட்டியின் முன்னால், கிட்ட நிற்கிற ஆளை எடுக்க ஒரு சின்ன இழுவை இருக்கிறதே, அதை இழுத்தேன். மெதுவாக முன்னால் நடந்தேன். பெட்டியை நிமிர்த்திப் பிடித்தேன். கண்ணாடிக்குள் முதலில் கால்கள் போயின, பிறகு மாமி போனா, பிறகு பதினேழு வருசம் எனக்குச் சோறு போட்டவளும் புதுச் சேலையோடு போனாள். ஐயாவும், நெஞ்சடியில் பிடித்திருந்த படமும் மிஞ்சின. அமுக்கினேன்.

எங்களையும் எடுத்தனியோ என்று மாமி கேட்டா. வடிவாய் எடுத்திருக்கு என்றேன். இது மருந்து போலக் கொடுத்த பொய்.

பாயிஸ் நேற்று கழுவித் தந்தான். வடிவாய் வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு முழங்கையும் ஒரு சேலைக் கரையும் தெரிகிறது, அது உன் மச்சாள். வரும்போது அவளுக்கு நல்ல சேலை ஒன்று கொண்டு வா, என் உயிர் அதில் தங்கியிருக்கிறது. மாமி இன்னும் பார்க்கவில்லை. நான் இந்த மாதம் கிளிவெட்டிப் பக்கம் போவதாக இல்லை.

இத்துடன் அனுப்புகிறேன். பார்த்தவுடன் உனக்கு ஒரு குறை தோன்றும். முகம் கேட்டாய், முகம் வந்திருக்கிறது, ஆனால் கண்ணைப் பார்க்க முடியவில்லை. நான் அமுக்குகிற நேரம் அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து கையில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டார். நிமிர்த்திய முதுகும் கொஞ்சம் போய்விட்டது. சங்கத்து விதிப்படி இது பிழையோ சரியோ தெரியாது. நான் பாயிஸிடம் கேட்டேன், அவன் இன்னொரு பிரதி தனக்கு எடுக்கட்டோ என்று கேட்டான். முடியாது என்றேன். முதல்முறையாக ஒரு படத்தைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இனி நான் உன்னைத் திருத்தவேண்டும். உன் அந்த நீர்வீழ்ச்சிப் படத்தை நானும் நல்லாகப் பார்த்தேன். தங்கச்சி, அது என்ன படம்? அது நீ சங்கம் தொடங்க முந்தியதாகத்தான் இருக்கவேண்டும். முக்கால்வாசி தண்ணீர், மிச்சம் புகை, நடுவில் ஒரு குடை, குடைக்குக் கீழே நிழல். எவ்வளவு பெரிய தண்ணீர் என்று உலகத்துக்குக் காட்டியிருக்கிறாய். அதைத்தான் அந்த மனிசன் நாலு வருசமாக அலுமாரியில் வேட்டிக்கு அடியில் வைத்து எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார். கண் வைத்தியம் பலிக்கவில்லை என்று ஏன் குறைப்பட்டுக்கொண்டு திரிந்தார் என்று இப்போது தெரிகிறது.

அன்று பின்னேரம் நாங்கள் புறப்படும்போது படலை வரைக்கும் வந்தார். வழக்கமாக வரமாட்டார். உன் மச்சாளை முன்னால் போகவிட்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார்: அந்தக் குடைக்குக் கீழ நிக்கிறதுகளின்ர முகம் ஒண்டும் விளங்கேல்லை. ரெண்டும் வேளைக்குச் சாப்பிடுதுகளோ, மெலிஞ்சு போச்சுதுகளோ, ஒண்டும் தெரியேல்லை. கேட்டு எழுது.

கேட்டு எழுதிவிட்டேன், என் கடமை முடிந்தது. இதற்குப் பதில் எழுதி அனுப்பாதே, நான் கொண்டுபோய் வாசித்துக் காட்டமாட்டேன். ஆவணியில் வெருகலில் கொடி ஏறும். வெருகல் முருகன் உங்கள் இருவருக்கும் வழித்துணையாய் வருவான். வந்து அந்த முற்றத்து வெயிலில், அவருக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். குடையை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

என்றும் உங்கள் நன்மையை வேண்டும்
அண்ணன் சிவகுருநாதன்